வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு பிரெஞ்சுக் கார்

லண்டனின் ஹரோவில், இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய வீடுகள் நிரையாய் நிற்கும் ஒரு தெருவில், மேரிறோஸின் வாசலுக்கு முன்னால், வீதியின் மேல் வெள்ளைக் கோட்டால் ஒரு பெட்டி வரையப்பட்டிருந்தது. உள்ளே சக்கர நாற்காலியின் படம். அந்தப் பெட்டிக்காக அவள் கவுன்சிலோடு நெடுங்காலம் மல்லுக்கு நின்றிருந்தாள். அவளிடம் கார் இல்லை. நீரிழிவால் அவள் கணவர் சூசைக்கு ஒரு கால் இல்லை; சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரி வான் வந்து அந்தப் பெட்டிக்குள் நிற்கும். பின்கதவைத் திறந்து, சரிவுப் பலகையை இறக்கி, அவரை நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு டயலிசிஸுக்குப் போகும். நடைபாதையின் விளிம்பு அந்த ஓரிடத்தில் மட்டுமே தாழ்த்தப்பட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் கார்கள் மூக்கும் வாலும் முட்ட நின்றன. நாற்காலியை இறக்க வேறு வழியில்லை.

அந்தப் பெட்டிக்குள்தான் எதிர்வீட்டுக் கணேசலிங்கம் தமது காரை நிறுத்திவந்தார்.

கரிய, அகன்ற, பளபளவென்ற கார். எண் தகடு பிரான்ஸினுடையது. பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் இருக்கும் அவருடைய தங்கை கஜந்தினியின் பெயரில் அது பதிந்திருந்தது. "கொஞ்சக் காலத்துக்கு ஒரு சின்ன உதவி" என்று கேட்டு அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காரை லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாகனத் தரிப்பைக் கண்காணிக்கும் வார்டன்மார் வந்தார்கள், படம் எடுத்தார்கள், மஞ்சள் உறையில் அபராதச் சீட்டை வைத்து, கண்ணாடி துடைப்பானின் கீழ் செருகிவிட்டுப் போனார்கள். கணேசலிங்கம் அவற்றை உருவி, பிரித்துப் பார்க்காமலே சாக்கடை ஓரத்தில் போட்டார். மழையில் ஊறிய மஞ்சள் கடதாசிகள் மேரிறோஸின் வேலியோரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அவள்தான் அவற்றைக் கூட்டி அள்ளுவாள்.

"தம்பி, அது வருத்தக்காரருக்கு விட்ட இடம்" என்று அவள் முதல் தடவை சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. சிரித்தார்.

"அக்கா, வான் வாற நேரம் ஒரு குரல் குடுங்கோ, எடுத்து விடுறன். ஏன் அந்தரப்படுறியள்?"

"நேற்றுக் குரல் குடுத்தனான். நீர் வீட்டிலை இல்லை."

"அது கடையிலை நிண்டிருப்பன்."

பக்கத்து வீட்டுப் பாஸ்கரன் அப்போது குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சென்னைக்காரர், வங்கியொன்றில் பெரிய வேலை. அவர் மேரிறோஸின் பக்கம் திரும்பவேயில்லை. எண் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், நெஜமாவே இதுக்கு ஃபைன் ஒண்ணும் வராதா?"

"வந்து என்ன செய்யிறது? ஆற்ர பேர், எந்த வீடு எண்டு கவுன்சிலுக்குத் தெரியாது. கடலுக்கு அங்காலை போய்க் கேக்க இவையளுக்கு வழியில்லை. காத்துக்கு ஃபைன் எழுதின மாதிரித்தான்."

"பிரமாதம் சார்! எங்களுக்கெல்லாம் இது தோணவே இல்லையே."

செய்தவனைவிட, கேட்டு வியந்து நின்ற படித்த மனிதரின் முகமே மேரிறோஸுக்கு அதிகம் அருவருத்தது.

ஓர் ஆற்றங்கரையில் ஒரு நரி இருந்ததாம். இக்கரைக் கிராமத்தில் கோழி பிடிக்கும். அக்கரைப் புதரில் போய் உறங்கும். நாய்கள் துரத்திக்கொண்டு வந்து தண்ணீரைக் கண்டதும் நின்றுவிடும். நாளடைவில் நரிக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது: உலகத்திலேயே வேகமான கால்கள் தன்னுடையவைதாம் என்று. நடுவில் ஆறு ஒன்று ஓடுவதை அது மறந்தே போயிற்று. மற்ற நரிகளோ அந்தக் கால்களைப் பார்க்க வரிசையில் வந்தன. கணேசலிங்கமும் தம்மைக் கெட்டிக்காரர் என்றே நம்பினார். கோயிலில், கடையில், பிறந்தநாள் விருந்தில், எங்கும் அந்தக் கெட்டித்தனத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கேட்டவர்களும் மகிழ்ந்தார்கள்.

பல நாள் அவள் ஓடிப்போய்க் கூப்பிட்டு எடுப்பித்தாள்; இரண்டு தடவை வான் திரும்பிப் போயிற்று. சாரதி நல்லவர்தான்; ஆனால் அடுத்த நோயாளி வேறொரு வாசலில் காத்திருப்பார். இரண்டாம் தடவைக்குப் பிறகு சூசையின் நுரையீரலில் நீர் சேர்ந்தது. மூச்சுக்குத் தவித்து, அவசரப் பிரிவில் படுத்தார். இன்னொரு முறை தவறினால் தம்மால் உறுதி சொல்ல முடியாது என்று வைத்தியர் மேரிறோஸிடம் சொல்லியிருந்தார். கணேசலிங்கத்திடமும் அவள் அதைச் சொன்னாள். "உங்கட கர்த்தர் பாப்பார் அக்கா" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை கணேசலிங்கத்தின் மகள் ஆரபிக்குச் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு. வீட்டில் தண்ணீர் வார்த்து, பிறகு மண்டபத்தில் விழா. பாரிஸிலிருந்து உறவினர் முதல்நாளே வந்து இறங்கியிருந்தனர். "பிரெஞ்சு நம்பருக்கு இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை, கண்ட இடத்திலை விடுங்கோ" என்று கணேசலிங்கம் எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்பியிருந்தார். தெரு முழுவதும் பிரெஞ்சுத் தகடுகள். வெள்ளைப் பெட்டிக்குள் கரிய கார், பெண்ணை மண்டபத்துக்கு ஏற்றிச்செல்ல மல்லிகைச் சரமும் பட்டு நாடாவும் சுற்றி, சக்கரங்களின் கீழ் தேசிக்காய் வைத்து, தேர்போல நின்றது.

வான் வந்தது. தெரு நடுவில் நின்றது. பின்னால் வந்த வாகனங்கள் ஒலி எழுப்பத் தொடங்கின. சாரதி இறங்கி, காரையும் பார்த்தார், வாசலில் நாற்காலியில் இருந்த சூசையையும் பார்த்தார், கையை விரித்தார். முந்தைய நாளிலிருந்தே சூசையின் முகம் வீங்கியிருந்தது. அவர் மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

மேரிறோஸ் வீதியைக் கடந்து ஓடினாள். எதிர்வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்ற கணேசலிங்கம் வீடியோக்காரருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, காரை எடும். வான் நிக்குது. இண்டைக்கு விட்டால் அவர் தப்பமாட்டார்."

"ஐயோ அக்கா, இப்ப ராகுகாலம். சோடிச்ச வாகனம் நல்ல நேரத்திலைதான் அசைய வேணும். ஐயர் கண்டிப்பாச் சொன்னவர். அது முடிய நானே எடுத்துவிடுறன்."

"அதுக்கிடையிலை வான் போயிடும்!"

"பெரிசாக் கத்தாதேங்கோ அக்கா, சனம் பாக்குது." சுற்றிலும் நின்ற உறவினரைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னால் அது என்ர கார் இல்லை. தங்கச்சின்ரை. பாரிசிலையிருந்து அவதான் நேற்றுக் கொண்டுவந்து அதிலை விட்டவ. நான் என்ன செய்ய?"

ஆறு மாதமாக அவர் இறங்கி ஏறியதைப் பார்த்த கண்களுக்கு நேரே நின்று இதைச் சொன்னார். சொல்லும்போது இமைகூட அசையவில்லை. மேரிறோஸ் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தின் நடுவே கோலமிட்ட பலகையில் ஆரபி இருந்தாள். பக்கத்தில் மஞ்சள் நீர்க் குடத்தோடு கஜந்தினி, ராகுகாலம் முடியக் காத்து நின்றாள். அவள் கணேசலிங்கத்தின் ஒரே தங்கை, பெண்ணுக்கு மாமி. தண்ணீர் வார்ப்பு அவள் கையால்தான் நடக்க வேண்டும். வேறொருவர் வார்த்தால் சபை ஏற்காது.

"பிள்ளை, கணேசலிங்கத்தின்ர தங்கச்சி நீரே?"

"ஓம் அன்ரி, நான்தான்."

"உம்மட காரை எங்கட வாசலிலை விட்டிருக்கிறீராம். அது வருத்தக்காரர் ஏறுற இடம் எண்டு உமக்குத் தெரியேல்லைப் போலை. என்ர மனுசனை டயலிசிஸுக்கு ஏத்த வான் வந்து நிக்குது. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன் பிள்ளை. எடுத்துவிடும்."

கஜந்தினிக்கு முதலில் விளங்கவில்லை. "நான் ரயிலிலை வந்தனான் அன்ரி" என்றாள். பிறகு யன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சோடித்த காரையும், தெரு நடுவே நின்ற வானையும், நாற்காலியில் தலை சாய்ந்திருந்த மனிதரையும் கண்டாள்.

"என்ர கார் எண்டு ஆர் சொன்னது?"

"உம்மட அண்ணர்தான்."

கணேசலிங்கம் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தார். "கஜி, நீ இதிலை தலையிடாதை. நான் பாத்துக்கொள்ளுறன்."

"எத்தினை நாளா அது அதிலை நிக்குது, அண்ணை?"

"நேற்றுத்தான்" என்றார் அவர்.

"ஆறு மாசம்" என்றாள் மேரிறோஸ். "இவராலை ரெண்டு தரம் வான் திரும்பிப் போனது. அவர் அவசரப் பிரிவிலை கிடந்தவர்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வயோதிபர், "உதெல்லாம் இப்ப கதைக்கிற கதையே? நல்ல காரியம் நடக்கிற வீடு" என்று முணுமுணுத்தார். மற்றொருவர் பலகாரத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். எழுந்து வெளியே போனவர் ஒருவரும் இல்லை.

கஜந்தினி குடத்தைத் தரையில் வைத்தாள்.

"சரி அண்ணை. என்ர கார்தானே? திறப்பைத் தாங்கோ."

"ராகுகாலத்திலை எடுத்தால் பிள்ளைக்கு ஆகாதெண்டு..."

"திறப்பைத் தாங்கோ. இல்லாட்டி நான் தண்ணி வார்க்கமாட்டன். வேறை மாமி இருந்தால் கூப்பிடுங்கோ."

"பைத்தியமே உனக்கு? வீடியோ ஓடிக்கொண்டு இருக்குது!"

அண்ணன் பயந்தது வானுக்கோ சூசைக்கோ அல்ல, ஒளிப்பதிவுக் கருவிக்கு. அது அவள் முகத்தில் கசப்பாகப் படிந்தது. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவருடைய மனைவி சுலோச்சனா ஓடிவந்து, அவர் இடுப்பு மடிப்பிலிருந்து கார்ச் சாவியை இழுத்தெடுத்துக் கஜந்தினியின் கையில் வைத்தாள். "போம், கெதியாய்ப் போம்" என்றாள்.

பட்டுச் சேலையோடு கஜந்தினி வீதிக்கு இறங்கினாள். இடப்பக்க இருக்கையில் ஏறி இயக்கினாள். தேசிக்காய்கள் நசுங்கின, மல்லிகைச் சரம் அறுந்து வீதியில் இழுபட்டது. வான் பின்னால் வந்து அந்தப் பெட்டிக்குள் நின்றது. பலகை இறங்கியது. சூசை ஏறும்போது மேரிறோஸின் கையைப் பிடித்திருந்தார். அவர் கை பனிக்கட்டி போலிருந்தது. கதவு மூடியது.

கஜந்தினி தெருவெல்லாம் சுற்றியும் இடம் கிடைக்கவில்லை. எங்கும் தன் சொந்தக்காரரின் கார்கள். கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கட்டணத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு நடந்து திரும்பினாள். பிள்ளைமேல் குற்றமில்லை என்று சொல்லித் தண்ணீர் வார்த்தாள். மண்டபத்திலும் சிரித்த முகமாகவே நின்றாள். கணேசலிங்கம் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, தமிழர் பண்பாட்டை இந்த மண்ணில் கட்டிக்காப்பது பற்றி நீளமாகப் பேசினார். சபை கைதட்டியது.

மறுநாள் காலை அவர் திறப்பைக் கேட்டார்.

"என்ர கார் அண்ணை. நீங்கள்தானே அந்த அன்ரிக்குச் சொன்னனீங்கள்" என்றாள் கஜந்தினி. ரயில் பயணத்தை விட்டுவிட்டு, அதே காரில் பாரிஸுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வான் வந்தது. பெட்டி காலியாக இருந்தது. சூசை நேரத்துக்குப் போனார். சனிக்கிழமையே போயிருக்காவிட்டால் இந்தச் செவ்வாய் அவருக்கு இருந்திராது என்று ஆஸ்பத்திரியில் தாதி சொன்னதாக அவர் மெல்லச் சொன்னார். மேரிறோஸ் அதை மனதில் வைத்துக்கொண்டே அன்று மாலை கதவைத் திறந்தாள். கணேசலிங்கம் நின்றார். கையில் சாமத்திய வீட்டுப் பலகாரப் பெட்டி. பொன்னிறக் கடதாசியில் பொதிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அந்த முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருக்குமோ என்று தேடியும் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் அண்டைக்கு அண்ணன் தங்கச்சியைப் பிரிச்சுப்போட்டியள். பரவாயில்லை, நான் மனதிலை வைக்கேல்லை" என்றார். "நானும் இனிச் சட்டப்படி போவம் எண்டு யோசிக்கிறன். இஞ்சத்தை நம்பரிலை ஒரு கார் எடுத்திருக்கிறன். ஆனால் பாருங்கோ, கவுன்சில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு கார்தான் றோட்டிலை விடலாம் எண்டு நிக்குது. உங்களுக்குக் கார் இல்லைத்தானே? வாற ஆக்கள் கார் விட உங்கட வீட்டுக்குத் தாற விசிட்டர் பாஸ் சும்மாதானே கிடக்குது? அதுகளை என்னட்டைத் தந்தியள் எண்டால்..."

மேரிறோஸ் அவரைப் பார்த்தாள். கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. கால் வைத்துவிட்டுப் பிறகுதான் இன்னதென்று தெரிகிற அசுத்தத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பெட்டியையும் கொண்டு போம், தம்பி" என்றாள்.

"சீனி குறைவு அக்கா, சூசை அண்ணையும் சாப்பிடலாம்."

"கொண்டு போம்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு படியிறங்கினார். அடுத்த வீட்டுப் பாஸ்கரனின் மணியை அழுத்தினார். உள்ளேயிருந்து, "வாங்க சார், வாங்க!" என்று வரவேற்புக் குரல் கேட்டது.

மேரிறோஸ் சமையலறைக்குப் போய், சூசையின் ஊசிப் புண்களுக்காக வைத்திருந்த கிருமிநாசினியில் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். கணேசலிங்கம் கை ஊன்றி நின்ற கதவு நிலையை, மேலிருந்து கீழாக, அழுத்தித் துடைத்தாள். துணியை வெளியே குப்பையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.