நேரான தண்டு சத்தம் போடாது

கண்ணாடி மேசையில் ஒரு வெளிச்சம் உருண்டு போகிறது.

வெளிச்சம் இல்லை. அம்புத்தண்டு. ஹிக்கரி மரத்தில் கடைந்தது. இறகு ஒட்டவில்லை, முனை பூட்டவில்லை. சின்னிவிரலை விட ஒல்லியான வெறும் கம்பு. செப்ரெம்பர் வெயில் அதன் முதுகில் ஏறிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறது.

அந்தக் கரையில் ஓர் உள்ளங்கை காத்திருக்கும். என் நண்பன் குகநேசனின் உள்ளங்கை. கண்களை மூடியிருப்பான்.

கோணல் தண்டு கண்ணாடியில் டக டக என்று பேசிக்கொண்டு வரும். நேரான தண்டு சத்தம் போடாது. கையைத் தொட்ட பிறகுதான் வந்தது தெரியும்.

"இது கதைக்குது" என்று ஒதுக்குவான். "இது கதைக்கேல்லை" என்று மடியில் வைத்துக்கொள்வான்.

மனிதர்களையும் அப்படித்தான் பிரித்தான். அந்தக் கணக்கில் எங்கள் சங்கத் தலைவர் முதல் நாளே ஒதுக்கப்பட்டார்.


ரொறன்ரோவுக்கு வடக்கே, மூன்று மணி நேரக் கார் ஓட்டத்தில், ஒரு காடு. ஒக்டோபரில் வில்லோடு வருபவர்களுக்கு அங்கே மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. நானும் நேசனும் போவோம். பெயர்தான் வேட்டை. பெரும்பாலும் மழையில் நனைவோம், தேத்தண்ணி குடிப்போம், மானின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்புவோம்.

மற்றவர்கள் கப்பி பூட்டிய வில்லோடும் காபன் அம்போடும் வருவார்கள். நேசனுக்கு மரவில். மர அம்பு. அதிலும் கனமான மரம்.

ஏன் கனம் என்று ஒருமுறை கேட்டேன்.

"மச்சான், பாரமில்லாத அம்பு கட்சிக்காரன் மாதிரி. வேகமாப் போகும். சத்தம் போடும். ஒண்டுக்குள்ளையும் இறங்காது."

கனமான அம்பு மெதுவாகப் போகும். வில்லின் கோபத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். நாண் அதிராது. மானுக்குக் கேட்காது. பட்டால் ஆழம் போகும். காயத்தோடு ஓடி, எங்கோ பற்றைக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகிற கொடுமை இல்லை.

அதுதான் அவனுடைய மதம். கோயிலுக்குப் போனால் வெளியே நின்று எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருக்கிற ஆள். தண்டின் கனத்தில் மட்டும் ஆசாரம்.


எங்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. கனடாத் தமிழ் வில்லாளர் பேரவை. பேரவையில் ஐந்து பேர். ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். மிச்சம் நானும் நேசனும். நாங்கள்தான் மக்கள்.

தலைவர் சோமசேகரம் ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார். "வில்லேந்திய பரம்பரை நாங்கள்" என்று தொடங்குவார். அவருடைய பரம்பரை சாவகச்சேரியில் புடவைக் கடை வைத்திருந்தது. நல்ல கடை. அதைப் பற்றிப் பேசியிருந்தால் ஆசையோடு கேட்டிருப்போம்.

நேசன் கடைசி வரிசையில் இருந்து மெதுவாகச் சொல்வான். "கதைக்குது."


ஒரு வசந்தத்தில் தேத்தண்ணிக் கோப்பை நேசனின் கையிலிருந்து நழுவியது.

பிறகு சேட்டுப் பொத்தான். பிறகு பேனா. பிறகு, வலது தோள்.

வைத்தியர் சொன்ன பெயர் நீளமானது. அதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்கே மூச்சு வாங்கியது. நேசன் அதை எங்களுக்காக மொழிபெயர்த்தான். "தசையள் ஒவ்வொண்டா லீவு எடுக்குதுகள். திரும்பி வேலைக்கு வராத லீவு."

எல்லாரும் சிரித்தோம். அவனுடைய மனைவி சுகிர்தா மட்டும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியவற்றைத் திரும்பவும் அடுக்கினாள்.

செப்ரெம்பர் பிறந்ததும் எனக்கு அழைத்தாள்.

"அண்ணை, இந்த முறை தண்டுகளை நீங்களே தெரிஞ்செடுங்கோ. அவரால கனநேரம் மேசையில இருக்கேலாது. ஆனா காட்டுக்குப் போகவேணுமாம். இந்த ஒரு ஒக்டோபர் எண்டு நிக்கிறார்."

"சரி, பிள்ளை."

"நான் கேட்டதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

இந்த ஒரு ஒக்டோபர்.

வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை. மருந்து கேட்கவில்லை. கடவுளைக்கூடக் கேட்கவில்லை. சொந்தக் கையால் இழுத்த ஒரு வில், நேராகப் போகும் ஓர் அம்பு, இலை உதிரும் ஒரு காடு.


தண்டுக்கு நேரும் கனமும் மட்டும் போதாது. மூன்றாவதாக ஒன்று உண்டு. விறைப்பு.

நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. வில்லைச் சுற்றிப் பாம்புபோல் ஒருமுறை வளைந்து, அதன் பிறகுதான் நிமிரும். பலமான கைக்கு விறைத்த தண்டு வேண்டும். தளர்ந்த கைக்கு இளகிய தண்டு. தளர்ந்த கையில் விறைத்த தண்டைக் கொடுத்தால் அது வளையாது. வளையாத அம்பு இடப்பக்கம் ஒதுங்கிவிடும்.

ஆகவே, தண்டைத் தெரிபவன் முதலில் கையைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒக்டோபரில் நேசனால் எவ்வளவு இழுக்க முடியும்? வைத்தியர் சொல்லத் தயங்கிய கேள்வி. ஒரு கட்டு ஹிக்கரித் தண்டோடு அது என் மேசைக்கு வந்துவிட்டது.

பலகையில் இரண்டு ஆணி. ஆணிகளின் மேல் தண்டு. நடுவில் இரண்டு இறாத்தல் பாரம். எங்கள் பாரம் ஒரு பை மைசூர்ப் பருப்பு. சுகிர்தாவின் குசினியிலிருந்து நேசன் எப்போதோ களவாகக் கொண்டுவந்தது. பருப்பு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இளக்கம்.

பருப்பு அசையாத தண்டுகளாகப் பார்த்து எடுத்தேன். கனமானவை. இரும்புபோல் விறைத்தவை. ஐம்பது இறாத்தல் இழுக்கும் கைக்கு ஏற்றவை.

போன வருடத்துக் கைக்கு.

அன்பு என்று அப்போது நினைத்தேன். அன்பின் மேல் நாங்கள் எதைத்தான் சாட்டாமல் விட்டோம்.


நேசன் வீட்டுப் பின்வளவு. வைக்கோல் கட்டு. மெல்லிய வெயில்.

போன வருடம் அவனுடைய வலது கை வாயோரம் வந்து தொட்டுத்தான் நாணை விடும். இப்போது முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அங்கே நின்று நடுங்கியது. விட்டான்.

இடது பக்கம்.

அடுத்தது. இடது பக்கம். அடுத்ததும். குடும்பப் படத்துக்கு நிற்பவர்கள்போல் எல்லா அம்பும் வைக்கோலின் இடது ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன.

"காத்து" என்றான் நேசன்.

கொடியில் சுகிர்தாவின் சேலை ஒரு நூல்கூட அசையவில்லை.

"ஓம்" என்றேன். "சரியான காத்து."

அன்று பார்த்துத் தலைவரும் வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வைக்கோலைப் பார்த்தார். நேசனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பேச்சு வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி நேசன், பேரவை ஒரு முடிவு எடுத்திருக்கு. உமக்கு ஒரு பாராட்டு விழா. வில்வேந்தன் எண்டு பட்டம். பொன்னாடை போர்த்துறம். ஆக்கள் இருக்கிற காலத்திலயே செய்யவேணும், பாருங்கோ."

நேசன் வில்லை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பொன்னாடையை வாங்கி வையுங்கோ, தலைவர். ரெண்டு வேலைக்கும் ஒண்டே காணும்."

தலைவருக்கு விளங்கவில்லை. பரந்த மனம் என்று பாராட்டினார். சுகிர்தாவுக்கு விளங்கியது. உள்ளே போய்க் குசினிக் குழாயைத் திறந்துவிட்டாள். அது கனநேரம் ஓடியது.


பிறகு மழை. கிழமை முழுக்க மழை.

யன்னலில் வெயில் இல்லை. மேசையில் வெளிச்சம் உருளவில்லை. கட்டுக் கட்டாகத் தண்டுகள். நான் திரும்பவும் தொடங்கினேன். இந்த முறை, இப்போது உள்ள கைக்கு.

கனமான மரம் பெரும்பாலும் விறைத்தது. இளகிய மரம் பெரும்பாலும் கனமில்லாதது. தேய்த்தால் இளகும். ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கனமும் தூளாகி விழுந்துவிடும்.

கனமும் வேண்டும், வளையவும் வேண்டும். மனிதரில் அப்படி எத்தனை பேர்? எனக்கு ஒருவனைத் தெரியும். அவனுக்காகத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மேசையின் அந்தக் கரையில், நேசனின் கைக்குப் பதிலாக, முகம் துடைக்கும் துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தேன். தண்டு உருண்டுபோய்த் துவாயில் முட்டும். துவாய் ஒரு கருத்தும் சொல்லாது.

எடுத்தேன். நிறுத்தேன். பருப்பைத் தொங்கவிட்டேன். ஒதுக்கினேன். எடுத்தேன். நிறுத்தேன். பருப்பைத் தொங்கவிட்டேன்.

மூன்றே மூன்று கிடைத்தன. கையில் எடுத்தால் கனம். பருப்பைத் தொங்கவிட்டால், தலைகுனிந்து இடம்கொடுப்பதுபோல், ஆழமாக இறங்கின.

பழைய அம்புகளுக்கு வைத்த அதே வான்கோழி இறகு. அதே வெள்ளை, அதே மண்ணிறம். சுகிர்தா கதவைத் திறந்துவிட, அவன் நித்திரையான ஒரு மத்தியானத்தில், அம்புக்கூட்டில் மாற்றி வைத்தேன். இரண்டு நடுவயதுக் கள்வர். களவெடுத்தது ஒன்றுமில்லை.


மழை விட்ட ஒரு காலை, அவன் எய்தான். அதே வைக்கோல். முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அதே கை. அதே நடுக்கம்.

அம்பு போனது தெரியவில்லை. வைக்கோலின் நடுவில் நின்றது.

நான் கைதட்டினேன். தட்டியிருக்கக் கூடாது.

"அதை எடுத்துக்கொண்டு வா."

கொடுத்தேன். தொடையில் வைத்து, பழுதாகாத இடது கையால் மெதுவாக அமத்தினான். தண்டு வளைந்தது. விட்டான். நிமிர்ந்தது. திரும்ப அமத்தினான்.

"எவ்வளவுக்குத் தெரிஞ்செடுத்தனி?"

"நாப்பத்தைஞ்சு இறாத்தல்."

"கதைக்குது."

நான் கீழே பார்த்தேன். "நாப்பது."

ஈரப் புல்லில் ஒரு சருகு விழுந்து ஒட்டிக்கொண்டது. அதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முந்தினதுகளை ஏன்ரா அப்பிடி எடுத்தனி?"

"மறந்துபோனன்."

"ஓம்" என்றான். "நானும்தான்."

பிறகு அம்பைக் கையில் வைத்துக் கனம் பார்த்தான். முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"உந்தக் கனத்தில உந்த இளக்கம்... எங்கையடா பிடிச்சனி?"


ஒக்டோபர். காடு.

மேப்பிள் இலைகள் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தன. மழை நின்ற பிறகும் மரங்களுக்குள் மழை. சுகிர்தா கட்டித்தந்த இடியப்பமும் சம்பலும். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. மடக்குக் கதிரையில் நேசன். பக்கத்தில் மரத்தோடு மரமாக நான்.

அந்த வருடம் பார்த்து மான் வந்தது.

இத்தனை வருடம் வராத மான். மிக அருகே. பக்கவாட்டில் நின்றது. காதில் ஒரு நீர்த்துளி.

நேசன் வில்லைத் தூக்கினான். இழுத்தான். கை வந்தது. வந்தது. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அம்பு நேராகப் போகும். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

நேராகப் போகும். ஆழம் போகாது. கனமான அம்பானாலும் அதைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும்.

மான் எங்களைப் பார்த்தது. இரண்டு பழைய அடிக்கட்டைகளைப் பார்ப்பதுபோல்.

நேசன் நாணை விடவில்லை. இழுத்ததை விட மெதுவாக, இழுத்ததை விடக் கஷ்டப்பட்டு, முன்னால் கொண்டுபோய் இறக்கினான். மான் ஓர் இலையைக் கடித்தது. போனது. இலைகள் விழுந்த சத்தத்தைவிடக் குறைந்த சத்தத்தில் போனது.

"ஆழம் காணாது" என்றான்.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஏதும் சொன்னால் அது கதைக்கும்.

திரும்பும் வழியில் ஓர் உளுத்த அடிக்கட்டை. பாசி படர்ந்தது. நேசன் நின்றான்.

"இதுக்கு நோகாது."

இழுத்தான். நடுங்கினான். விட்டான்.

சத்தம் இல்லை. நாண் அதிரவில்லை. பாசியின் நடுவில் வெள்ளையும் மண்ணிறமுமாக ஒரு சின்ன இறகு முளைத்து நின்றது. அவன் பார்த்த இடத்தில். சரியாக அதே இடத்தில்.

நான் கழற்றப் போனேன்.

"விடு, மச்சான். இருக்கட்டும். நேராப் போனது."


மாசி மாதத்தில், பனிக்குள், நேசன் போனான்.

நினைவுக் கூட்டத்தைப் பேரவை நடத்தியது. தலைவர் நெடுநேரம் பேசினார். வில்லேந்திய பரம்பரை திரும்பவும் எழுந்து நடந்தது. கடைசியில் படத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

சுகிர்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ரெண்டு வேலைக்கும் ஒண்டே.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முன்வரிசைப் பெண்கள் பாவம், அழுகிறாள் என்றார்கள். அதுவும்தான்.


இப்போது செப்ரெம்பர். யன்னலில் வெயில். புதுக்கட்டு ஹிக்கரி பிரிக்காமல் கிடந்தது. பிரித்தேன். பழக்கம்.

முதல் தண்டைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். மேசையின் இந்தக் கரையில் வைத்து விரலால் தள்ளினேன். கண்களை மூடிக்கொண்டேன்.

வெளிச்சம் உருண்டு போகும். போய்க்கொண்டிருக்கும். டக டக இல்லை. நல்ல தண்டு. நேரான தண்டு சத்தம் போடாது. கையைத் தொட்ட பிறகுதான் வந்தது தெரியும்.

துவாய் வைக்க மறந்திருந்தேன்.

நிலத்தில் விழுந்தது கேட்டது.