படத்துக்கு வேண்டிய இருட்டு

பிஸ்கட் டின்மேல் வரைந்திருந்த கிளியை நுஃமான் மாமா சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். மய்யித்தாக உடல் கிடக்கும் கூடத்தில் உயிருள்ள உருவம் எதுவும் கண்ணில் படக்கூடாது. கல்யாணப் போட்டோ, காலண்டர் எல்லாம் ஏற்கெனவே கட்டிலுக்கடியில் போயாயிற்று. மாமா எப்போதோ ஒரு தவணை சூராவ் தொழுகைக்கூடத்தின் கமிட்டியில் செயலாளராக இருந்தவர். இன்றும் பேச ஆரம்பித்தால் வலது கை தானாக மைக்கைத் தேடும்.

வெள்ளைத் துணிக்கடியில் பீர் முகம்மது கிடந்தார். கிள்ளானில் ஆயுசு முழுக்க ஜவுளி விற்றவர். மச்சான் நுஃமானின் சொற்பொழிவைக் குறுக்கே பேசாமல் அவர் கேட்டது இன்றுதான்.

"இது என்ன படம்?"

மகள் ஷைமா நிமிர்ந்தாள். வாப்பாவின் நாற்காலிக்கு எதிரே, மூலையில் தொங்கியது அது. பரோக் காலத்து ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் அச்சு. பிரிக்ஃபீல்ட்ஸில் மூடப்போன ஃபிரேம் கடையிலிருந்து வாப்பா தூக்கி வந்தது. தூரத்து ஆற்றின்மேல் மட்டும் மஞ்சள் வெளிச்சம்; இந்தப் பக்கம் மரங்களுக்கடியில் கன்னங்கரிய இருட்டு. வந்த அன்றே உம்மா கேட்டாள், உருவம் ஏதும் இருக்கிறதா என்று. "மரமும் மேகமும்தான் ரம்லத்து, நீயே பாரு" என்றார் வாப்பா.

"மரமும் மேகமும்தான் மாமா."

"பாக்காம நான் எப்படிலா கையெழுத்துப் போடறது?" என்றார் மாமா. அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. "வெளிச்சமே இல்லையே இங்க!"

அந்த மூலை டியூப்லைட் போய் வருஷக்கணக்காகிறது. மாற்ற வாப்பா விட்டதே இல்லை. "படத்துக்கு இருட்டு வேணும்லா. வெளிச்சம் அதுக்குள்ளயே இருக்கு."

கடையிலிருந்து மாமா புது டியூப் வரவழைத்து, ஸ்டூலில் ஏறி மாட்டி, இறங்கி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் துழாவினார். ஷைமா ஸ்விட்சைத் தட்டினாள்.

மரத்தடியில் ஓர் ஆள்.

சுண்டுவிரல் நகமளவுதான். ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு, முதுகு காட்டி, அந்த ஆற்று வெளிச்சத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். சாயங்காலங்களில் வாப்பா தனியாக உட்கார்ந்திருப்பதாகத்தான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஷைமா ஸ்விட்சை அணைத்தாள்.

"ஏம்மா, என்னாச்சு?"

"வாப்பாவுக்குக் கண்ணு கூசும், மாமா."

"கண்ண மூடிட்டவருக்கு..." மாமாவின் கை பாதி வழியில் நின்றது.

தலைமாட்டில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த உம்மாவின் விரல்களும் நின்றன. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படத்தின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து வந்தவள் அவள்தான்.

"அணைஞ்சே இருக்கட்டும் தம்பி. அதுல மரமும் மேகமும்தான்."

மாமா பிஸ்கட் டின்னை இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டி வைத்தார். உம்மா வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். மூலையில் ஆறு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.