நாற்பது விநாடித் தண்ணீர்

யாரிடமும் சத்தம் போடாமல் போய்விட்டு வருவதாக ஆனந்தவள்ளியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் நம்பவில்லை. முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குப்பை கொட்டியவள், எப்படி நம்புவாள்?

"போற எடத்துல எவன்கிட்டயும் மல்லுக்கு நிக்காதிய. தண்ணிச் சத்தத்தைப் போன்ல புடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு இடது முழங்கால் மூட்டு தேய்ந்து தீர்ந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை தேதி வாங்கி, இரண்டு முறையும் கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டாள். காரணம் ராயகிரியில் இருக்கும் அவள் மதினி. அந்த அம்மாள் இதே ஆப்பரேஷன் செய்துகொண்டவள். "முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும். காது நல்லா கேக்கும் கேட்டியா. சுத்தியலை வச்சு நம்ம எலும்புலயே ணங்கு ணங்குன்னு அடிப்பான்," என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து என் வீட்டில் ஆணி அடிக்கக்கூட முடியவில்லை.

டாக்டர் பொறுமைசாலி. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பிடித்த பாட்டைக் கேளுங்கள், ஒன்றும் தெரியாது என்றார். ஆனால் இந்த வியாழக்கிழமையும் வரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். இவள் பாட்டு வேண்டாம் என்றாள். குற்றால மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவித் தண்ணீரின் சத்தம் வேண்டுமாம். கால் நன்றாக இருந்த வரைக்கும் ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் நாங்கள் இருவரும் மலையேறிப் போவோம். கோயிலுக்குக் கீழே ஒரு தட்டைப் பாறையில் கண்ணை மூடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வருஷத்தில் அவள் சும்மா உட்காரும் அரை மணி நேரம் அதுதான்.

"யூடியூப்ல ஆயிரம் அருவி கெடக்கேட்டி," என்றேன்.

"அது எந்த ஊருத் தண்ணியோ. எனக்கு அந்தப் பாறையில இருந்து கேக்குத தண்ணி வேணும். அது இருந்தா வாரேன். இல்லன்னா இப்படியே நொண்டிக்கிட்டுக் கெடக்கேன்."

சித்ரா பௌர்ணமி திங்கட்கிழமை. ஆப்பரேஷன் வியாழக்கிழமை. வனத்துறை கேட்டை அன்று ஒருநாள்தான் திறந்துவிடுவார்கள். அதை விட்டால் சத்தம் இல்லை, சத்தம் இல்லாவிட்டால் ஆப்பரேஷன் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் மாரிராஜ், போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவன். குத்துக்கல்வலசையில் வீடு. பத்தொன்பது சீசன் குற்றாலம் மெயின் அருவியில் பந்தோபஸ்து பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி மெதுவாகப் பேசினாலும் என் குரல் கத்துவதுபோல் ஆகிவிட்டது, விசில் ஊதி ஊதிக் காது மந்தமாகிவிட்டது. அந்த விசில் இன்னும் என் பைக் சாவிக்கொத்தில் தொங்குகிறது. ரிட்டயர் ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

குத்துக்கல்வலசையிலிருந்து சிற்றருவிப் பக்கம் வருவதற்குள் எட்டரை ஆகிவிட்டது. கேட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். என் பையில் ஒரு துண்டும் ஸ்டீல் பாட்டிலும். எனக்கு முன்னால் போன குடும்பம் கைக்குழந்தையின் துணிக்கு அடியில் நாலு சிப்ஸ் பாக்கெட்டை ஒளித்துவைத்துக் கொண்டுபோனது. கேட்டைத் தாண்டி நூறு அடி போனதும் பிரித்துக் குரங்குக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று தின்றுவிட்டு, காலிப் பாக்கெட்டை வேலிக்குள் விட்டெறிந்தார்கள். குனிந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. ஆனந்தவள்ளி பார்த்திருந்தால் மூர்ச்சை போட்டிருப்பாள்.

பாதை அங்கே மூன்று பேர் சேர்ந்து நடக்கும் அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அதில் நாலு பேர் தோளோடு தோள் போட்டு ரதவீதியில் நடப்பதுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். நடுவில் போனவன் முதுகுப்பையில் பானை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. அதிலிருந்து வந்த குத்துப்பாட்டில் மரத்தில் இருந்த கிளி அத்தனையும் பறந்துவிட்டது. காட்டுக்கு வருகிறவன் கல்யாண மண்டபத்தை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறான்? எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது.

எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் தலையில் பால்குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வெறுங்கால். மஞ்சள் சேலை. பால்குடம் எடுத்தால் அம்மன் காலடியில்தான் இறக்க வேண்டும், வழியில் கீழே வைக்கக் கூடாது. நின்றால் கழுத்து வலிக்கும். முன்னால் போன நாலு பேரும் வழியை அடைத்து ஒருத்தனை ஒருத்தன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் ஒதுங்குங்க. பால்கொடம் வருது," என்றேன். என் கணக்கில் மெதுவாகத்தான் சொன்னேன். நாலு பேரும் துள்ளித் திரும்பினார்கள்.

"அய்யோ, வாங்கம்மா வாங்கம்மா," என்று ஸ்பீக்கர்காரன் மலையோரமாக ஒட்டிக்கொண்டான். கூட வந்தவன் மட்டும், "பாண்டிராஜு, அண்ணாச்சிக்கு அமைதி வேணுமாம்லே. அமைதி வேணும்னா வீட்ல இருக்க வேண்டியதான," என்றான். நான் பல்லைக் கடித்தேன். பாட்டைக் குறைக்கச் சொன்னேன். பாண்டிராஜ் குறைத்தான். அடுத்த வளைவு தாண்டியதும் பழையபடி அலறியது.

அந்த அம்மாள் என்னோடு சேர்ந்து நடந்தாள். பேர் ரெங்கம்மாள், கீழப்பாவூர். "மகன் பட்டாளத்துல இருக்கான் அண்ணாச்சி. போன வருசம் எல்லையில சண்டைன்னு டிவியில சொன்னப்ப நேந்துகிட்டேன். முழுசா வீடு வந்து சேந்துட்டான். அதான் ஒரு சொட்டு சிந்தாமக் கொண்டுபோயி ஊத்தணும்," என்றாள். வழிநெடுக அவளுக்கு முன்னால் நடந்து நான்தான் வழிவிடச் சொல்லிக்கொண்டு போனேன். படியின் நடுவில் நின்று ரீல்ஸ் எடுத்த ஒரு பெண் "ஒன் மினிட் அங்கிள்" என்றாள். அந்த ஒரு நிமிஷம் ஆறு நிமிஷமானது. ரெங்கம்மாள் கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணின் போனைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசியிருப்பேன். ஆனந்தவள்ளிக்குக் கொடுத்த வாக்குக்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் ரெங்கம்மாள், "நல்லா இருப்பிய அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு அபிஷேக வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழெட்டுக் குடம் நின்றது. உச்சி பூஜை முடிந்த பிறகுதான் பால் ஊற்றுவார்கள் என்றார்கள்.

கோடை மழை நாலு நாளாகப் பெய்திருந்ததால் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. மலை உச்சியில் மேகம் கறுத்துக் கிடந்தது. தட்டைப் பாறையில் ஆனந்தவள்ளி உட்காரும் இடத்தில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் போனை வைத்து, பதிவை அமுக்கினேன். பத்து விநாடி போயிருக்காது. மலை திருப்பிக் கத்துகிறதா என்று பார்க்க ஒருவன் "ஊ" என்று ஊளையிட்டான். அழித்துவிட்டு மறுபடி அமுக்கினேன். ஒரு குடும்பம் என் துண்டையே தாண்டி நின்று, வீடியோ காலில் யாருக்கோ அருவியைக் காட்டி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? மறுபடி அழித்தேன். இப்படி ஒன்பது தடவை. மணி ஒன்றரை ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு எல்லோரும் இறங்க வேண்டும் என்று வனக்காவலர் சொல்லிக்கொண்டே போனார்.

பத்தாவது தடவை அமுக்கியபோது அதிசயமாகச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பாண்டிராஜ் பக்கத்துப் பாறையில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைத் தட்டினான்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. காலையிலிருந்து விழுங்கிய அத்தனையும் மேலே வந்தது. திட்டினால் வாக்குத் தவறியதாகும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன், அதுதான் வேடிக்கை. கை தானாகச் சாவிக்கொத்தை எடுத்தது. விசிலை வாயில் வைத்து, மூச்சு இருக்கும்வரை நீளமாக ஒன்று ஊதினேன். எல்லோரும் வாயை மூடுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

குற்றாலத்தில் எந்த அருவியிலும் நீளமாக ஒரு விசில் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தண்ணீர் கூடுகிறது, வெளியே ஓடு. பத்தொன்பது சீசன் அதற்காகத்தான் நான் அதை ஊதியிருக்கிறேன். ஊதி முடித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

"வெள்ளம் வருதுலே!" என்று யாரோ கத்தினார்கள். மேலே கறுத்த மேகம், கீழே விசில். வேறு என்ன வேண்டும்? பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, பாறை பாறையாகத் தாவி எல்லோரும் கரைமேட்டுக்கு ஓடினார்கள். பாண்டிராஜின் ஸ்பீக்கர் உருண்டு தண்ணீருக்குள் போனது. பாட்டு நின்றது.

பிறகு யாரும் பேசவில்லை. மேட்டில் நின்று அத்தனை பேரும் மலை உச்சியைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் இருந்தார்கள். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. என் காலடியில் துண்டின்மேல் போன் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் ரெங்கம்மாளைப் பார்த்தேன். கோயில் படிக்குக் கீழே விழுந்து கிடந்தாள். குடம் தனியாகக் கிடந்தது. பால் பாறை இடுக்கில் வழிந்து தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலையே பார்த்து அழுதாள். வாய் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று என் காதுக்கு எட்டவில்லை.

முதலில் ஓடிப்போய் அவளைத் தூக்கியது பாண்டிராஜ்தான். தன் துண்டைக் கிழித்து அவள் மணிக்கட்டில் கட்டினான். நான் போனை எடுத்து, பதிவை நிறுத்தி, சாவிக்கொத்தைப் பாக்கெட்டுக்குள் போட்டேன்.

வனக்காவலர் ஓடி வந்தார். "யாருவே விசில் அடிச்சது?"

"இவனுவளாத்தான் இருக்கும் சார். காலையில இருந்தே கூத்தடிச்சிக்கிட்டு வந்தானுவ," என்று கூட்டத்தில் ஒருவர் பாண்டிராஜைக் காட்டினார்.

"நாங்க இல்ல சார். சத்தியமா இல்ல."

காவலருக்கு என்னைத் தெரியும். "அண்ணாச்சி, நீங்க பக்கத்துலதான நின்னிய. நீங்க பாத்தியளா?"

பாண்டிராஜ் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கூட்டத்துல எனக்குச் சரியாத் தெரியல," என்றேன்.

நாலு பேரையும் முன்னால் விட்டு, கூட்டம் திட்டத் திட்ட, காவலர் கீழே கூட்டிக்கொண்டு போனார். நான் ரெங்கம்மாள் பக்கம் போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்க்காமலே இறங்கினேன்.

தென்காசியில் முகம்மது இஸ்மாயிலின் மொபைல் கடையில் கொடுத்து, விசிலையும் அலறலையும் முன்னாலிருந்து வெட்டச் சொன்னேன். மிச்சம் நாற்பது விநாடி. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துக் கொடுத்தார். காதில் மாட்டிக் கேட்டவர் நெற்றியைச் சுருக்கினார்.

"கடைசியில லேசா என்னமோ கேக்குது அண்ணாச்சி. அதையும் வெட்டிரவா?"

நான் வாங்கிக் காதில் மாட்டினேன். தண்ணீர்தான் கேட்டது. "தண்ணிதான வே அது. இருக்கதே நாப்பது செகண்டு, அதுல கைய வைக்காதிய," என்றேன்.

வியாழக்கிழமை ஆனந்தவள்ளி மறுபேச்சுப் பேசவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, அம்மா கொஞ்சம்கூட பயப்படவில்லை என்று நர்ஸ் வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வார்டில் அவள் கண்விழித்துப் பார்த்தாள்.

"சுத்தியல் சத்தம் கேட்டுதா?" என்றேன்.

"அது எங்க கேட்டுது. தண்ணி நல்லா விழுந்துது. அந்தப் பாறையிலயே இருந்த மாதிரி இருந்துது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஆமா, ஒவ்வொரு தடவையும் முடியப்போற நேரத்துல ஒரு பொம்பள அழுதாளே, அது யாருங்க?"

நான் போர்வையை அவள் காலுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"'எம்புள்ளைக்கு நேந்த பாலுல்லா, எம்புள்ளைக்கு நேந்த பாலுல்லா'ன்னு அழுதா. ஒன்றரை மணி நேரமும் அவ கூடத்தான் கெடந்தேன். பாவம், அந்த மகனுக்கு என்னமும் ஆயிரக்கூடாதுன்னு நானும் வேண்டிக்கிட்டே கெடந்தேன். நீங்க அங்கனதான நின்னிய? எதுக்கு அழுதா?"

பாக்கெட்டில் சாவிக்கொத்து தொடையில் குத்தியது.

"என்னாலதான்," என்றேன்.

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"என்னது? ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க," என்றாள்.