மறுபக்கக் காற்று

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயல் நடுவில் ஓய்ந்தபோது என் அண்ணை சீவரத்தினம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடித்தார். அந்த ஓய்வு அவருடைய வீட்டு வளவை விட்டு இன்றுவரை போகவில்லை.

காற்று நின்றால் புயல் முடிந்தது என்றுதான் எங்கள் கரையில் எல்லோரும் நினைத்திருந்தோம். வள்ளங்களை மேலே இழுக்க ஆண்கள் இறங்கினோம். வேலிப் படலையில் நின்ற அண்ணி கனகாம்பிகையிடம், "நீர் அடுப்பை மூட்டும், ஏத்திப்போட்டு வாறன்" என்றார் அண்ணை. அண்ணி வானத்தைப் பார்த்து, வாசலில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "அவர் வருமட்டும் நில்" என்று காற்றுக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தால் மறுபக்கமிருந்து காற்று வந்தது. கரையும் வள்ளங்களும் போயின, அண்ணையும் போனார். நான் ஒரு பனையைக் கட்டிப்பிடித்துத் தப்பினேன். அண்ணியின் வேலியோடு அந்தக் காற்று நின்றுவிட்டது. வேலிப் பூவரசு வெளிப்பக்கம் ஆடும், உள்பக்கம் ஆடாது. அடுப்புப் புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போகும்.

தண்ணீர் வற்றிய பிறகு அரசாங்கம் வந்தது. அலுவலர் முற்றத்தில் மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தார். காற்றடிக்காத வீட்டுக்குக் கூரைத்தகடு கொடுக்க விதியில்லை என்று இரக்கத்தோடு சொல்லி, மாவைக் கூடுதலாக அளந்து கொடுத்துவிட்டுப் போனார். நெல்லியடிச் சந்தைக்குப் போகிறவர்கள் கொஞ்சக் காலம் நின்று பார்த்தார்கள். பிறகு நிற்காமல் போனார்கள்.

கடல் தாண்டி அக்கரைக்குத் தோணி ஓட்டிய முத்துக்குமாரு அக்கரை அரசாங்கத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்வான். அங்கே துறைமுகத்தில் முதலே புயல் கூண்டு ஏற்றுவார்களாம், பறையடித்துச் சொல்வார்களாம். "எங்கடை ஆக்கள் செத்தவீட்டுக்கு வாறமாதிரித்தான் வருவினம்" என்பான். அயல்வீட்டு இரத்தினம்மா விடமாட்டாள். "கூண்டேத்தியும் அங்கை ரயிலே கடலுக்கை போச்சு. நீ பேசாமல் தோணியை ஓட்டு." அண்ணி இருவருக்கும் நடுவே ஒன்றைத்தான் கேட்பார். "கூண்டேத்தினவை நடுவிலை காத்து நிக்குமெண்டு சொன்னவையோ?" அதைப் பற்றி அங்கேயும் ஒருவரும் கதைக்கவில்லை. எந்த அலுவலர் வந்தாலும், எந்தத் தோணிக்காரன் வந்தாலும் அண்ணி அதையே கேட்டார்.

எழுபத்தெட்டுக் கார்த்திகையில் அரசாங்கம் புயலுக்கு முதலே வந்தது. பள்ளிக்கூடத்தைத் திறந்து அரிசி இறக்கினார்கள். ஒழுங்கையில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்தது. காற்று இடையில் நின்றாலும் வெளியே வரவேண்டாம், மறுபக்கக் காற்று வரும் என்று அதிலிருந்த இளம் அலுவலர் சொல்லிக்கொண்டு போனார். அண்ணி உலையை விட்டுவிட்டுப் படலைக்கு ஓடினார்.

"தம்பி, உந்தக் கதையை இன்னொருக்காச் சொல்லும்."

ஜீப்பை நிறுத்தி, குழாயை வளவுப்பக்கம் திருப்பி, அவர் திரும்பவும் சொன்னார். அண்ணி முழுவதும் கேட்டார்.

"கடக்கரையிலும் போய்ச் சொல்லும். ஆம்பிளையள் அங்கைதான் நிப்பினம்."

ஜீப் கரைக்குப் போயிற்று. அந்தப் புயல் எங்களிடம் வராமல் மட்டக்களப்புக்குப் போய் அங்கே பலரைக் கொண்டுபோனது. ஊரில் அரிசியும் உடுப்பும் சேர்த்து லொறியில் அனுப்பினோம். லொறி போன பிறகு அண்ணியிடம், இனி மறுபக்கக் காற்றை உள்ளே விடலாமே என்று கேட்டேன்.

"உம்மடை அண்ணை இன்னும் வரேல்லையே," என்றார்.

ஓம், வரவில்லைத்தான் என்றேன். காற்றில்லாத வளவில் மாரிகாலத்தில் துணி காய்வதில்லை. அண்ணியின் சேலைகள் எங்கள் வேலியில்தான் காய்கின்றன.