தீபாவளிக்கு வைக்காத எண்ணெய்

“யாரும் ஊத்த வேணாம். நானே ஊத்தறேன்” என்று பூபாலன் மறைப்புப் புடவைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அண்ணனூர் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில் பெஞ்சு போட்டு அவர் மனைவி லோகநாயகியைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தலைக்கு எண்ணெய் சீயக்காய் வைத்துத் தண்ணீர் ஊற்றப் பெண்கள் நின்றார்கள். முதல் ஆளாக, கிண்ணமும் கையுமாக, மகள் அகல்யாவின் மாமியார் ராதிகா. சம்பந்தம் பேச வந்த அன்றே யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்று ஒன்று விடாமல் விசாரித்தவள்.

“இன்னாண்ணே, பொம்பளைங்க வேலைல நீ பூந்துகினு?” என்றாள் பூபாலனின் தங்கை ராஜகுமாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: “உடம்புல இன்னா கீதுன்னு இப்டி மறைக்கறாரு?”

 அகல்யா யாரிடமும் கேட்காமல் மனசிலேயே வைத்திருந்த கேள்வி அது.

கல்யாணத்துக்கு முந்தைய தீபாவளி. ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். விடியுமுன் எல்லாரையும் உட்கார வைத்து எண்ணெய் தேய்க்கிற அம்மா, தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. “ஜலதோஷம்டி” என்று நழுவினாள். சும்மா கட்டிப்பிடித்ததற்கு ‘ஆ’வென்று கத்தி விலகினாள். இடித்துக்கொண்டாளாம். எங்கே என்று கேட்டால் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வேறென்ன வேண்டும்? இந்த மனுஷன் கை நீட்டுகிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவருக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“தள்ளுப்பா.”

“வேணாம்மா. சொன்னா கேளு.”

கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினாள். இன்றைக்கு எல்லார் முன்னாலும் இந்த ஆளைக் கேட்டுவிடுவது என்றிருந்தாள்.

இடது மார்பின் ஓரத்தில் வளைவாக ஒரு தழும்பு. அந்த இடம் கொஞ்சம் குழிந்திருந்தது. சுற்றிலும் தோல் கருத்திருந்தது. நடு மார்பிலும் அக்குள் பக்கமும் பச்சை குத்தினாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அடித்த காயம் இப்படி இருக்காது. இது தையல் போட்ட தழும்பு.

“நீ மட்டும் உள்ள வா” என்று அப்பாவை இழுத்தாள். “இன்னாது இது?”

அவர் முதலில் அம்மாவின் முந்தானையை எடுத்து மூடினார்.

“கேன்சர். ஆரம்பந்தான். பால் குழாய்க்குள்ளயே இருந்துச்சாம், வெளிய பரவலை. மாரை எடுக்க வேணாம்னு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாங்க. அப்புறம் தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்டு, அதான் ரேடியேஷன், வச்சுக்கினு வந்தா. நல்லா ஆயிடுச்சும்மா. இப்ப போனது அதால இல்ல.”

“தீபாவளிக்கு?”

“கரண்டு வைக்கற எடத்துக்கு மார்ல கோடு போட்டிருந்தாங்க. எண்ணெ பட்டு அழியக் கூடாதுன்னாங்க. தோலு வேற வெந்து போயிருந்துச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உனக்கு அப்பதான் நிச்சயம் ஆச்சு. அவங்க காதுக்குப் போனா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்கன்னு அம்மா பயந்தா. உனக்குத்தான் மறைக்கத் தெரியாதே.”

 வருவது கோபமா அழுகையா என்று அகல்யாவுக்கே தெரியவில்லை. “நீ அம்மாவ அடிக்கறன்னு நெனச்சேன்பா.”

“தெரியும்” என்றார். “நீ அப்டி நெனைக்கறன்னு அம்மா கூடச் சொன்னா. நெனச்சா நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டோம்.”

தெரிந்தே இருந்திருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போன ஒவ்வொரு தடவையும், தெரு முனை வரை பின்னாலேயே வந்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

“எவ்ளோ நேரம்மா?” வெளியே ராதிகாவின் குரல். “உடம்புல ஏதாச்சும் கீதா?”

பூபாலன் மகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “சொல்லிடாதம்மா.”

அகல்யா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். “நீ போய் முன்னாடி உக்காருப்பா. காலைலேர்ந்து நின்னுகினே கீற.”

அவர் போனதும் மறைப்புப் புடவையை ஒரு பக்கம் தூக்கினாள்.

“கீது. வந்து பாருங்க, அத்தே.”

முந்தானையை விலக்கிக் காட்டினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ராதிகா குனிந்து தழும்பைப் பார்த்தாள். புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அகல்யாவின் மார்பைப் பார்த்தாள்.

அகல்யா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

“எண்ணெ வைங்க, அத்தே” என்றாள்.