டிகிரி இல்லாத கடிதம்

செல்வமாரியின் முதல் கார்டை நான் சிரித்துக்கொண்டே டைப் அடித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றதைச் சொன்னால் ஏதோ நான் முதலிலேயே பயந்துபோனவள் மாதிரி ஆகிவிடும்.

1997. கோவில்பட்டியில் சத்தியபாமா அக்காவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நானும் சுகுணாவும் தமிழ் ஹையர் படித்துக்கொண்டிருந்தோம். கிளாஸ் முடிந்த பிறகு அக்காவின் மெஷினிலேயே ஸ்டென்சில் வெட்டி, மாதம் இரண்டு தடவை எண்பது பிரதி ஒரு பத்திரிகை போட்டோம். பெயர் 'ஒன்பதாம் கோள்'. முழுக்க விண்வெளிக் கதை. 'கப்பல் எழுபது' என்ற தொடர்கதை என்னுடையது, படம் சுகுணா. அக்காவின் பழைய உருட்டு மெஷினில் மை தடவி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அச்சடிப்போம். எண்பது பிரதி முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

எங்கள் கதையை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. கடிதப் பக்கத்தை எல்லாரும் படித்தார்கள். அங்கேதான் சண்டை.

'செவ்வாய்க் கிரகத்து மண்ணு சிவப்புன்னு எழுதுன ஆளு எங்க ஊரு பக்கம் வந்து பாக்கணும். இங்கன கரிசல்ல வெளையாதது அங்கன எப்படிவே வெளையும்?' என்று கயத்தாறு பெருமாள்சாமி கேட்பார். 'விண்வெளி உடுப்புக்கு ஜிப்பா, பட்டனா? அதைச் சொல்லாம என்ன கதை? நாங்க இங்க ஒரு நாளைக்கு நாப்பது பாவாடை தைக்கோம், எங்களுக்குத் தெரியாதா?' என்று புதியம்புத்தூர் வெயிலுகந்தம்மாள் எழுதுவார். அவருக்குப் பெருமாள்சாமி பதில் சொல்வார். பெருமாள்சாமிக்கு வேறு நாலு பேர் பதில் சொல்வார்கள்.

இதில் ஒரு ரகசியம். பெருமாள்சாமி என்று யாரும் கிடையாது. அது சுகுணா. வெயிலுகந்தம்மாள் நான். ஆரம்பத்தில் கடிதமே வராததால் நாங்களே எழுதிக்கொண்டோம். பிறகு நிஜக் கடிதங்கள் வர ஆரம்பித்தும் விடமுடியவில்லை. அதையே ஒரு விளையாட்டாக்கினோம். புதுப்புதுப் பெயரில், இடது கையால் எழுதி, நிஜமாகவே தபாலில் அனுப்ப வேண்டும். என் அப்பா பஸ் கண்டக்டர், எந்த ஊர்த் தபால் பெட்டியிலும் போட்டுவிடுவார். சுகுணா வீட்டு மளிகைக் கடை வேன் ஊர் ஊராகப் போகும், டிரைவர் இசக்கி அண்ணாச்சி போடுவார். அதனால் தபால் முத்திரையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எது யார் எழுதியது என்று கேட்கவும் கூடாது. பொங்கல் இதழில்தான் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் பொய் ஆளை நிஜம் என்று நம்பி அதிகமாக ஏமாந்தவள் அடுத்த வருஷம் முழுக்க உருட்டு மெஷின் சுற்ற வேண்டும். பெருமாள்சாமியையும் வெயிலுகந்தம்மாளையும் இரண்டு பேரும் எப்போதோ பிடித்துவிட்டோம். மற்றவர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் செப்டம்பரில் அந்தக் கார்டு வந்தது.

'ஆசிரியை அக்காவுக்கு, செல்வமாரி எழுதுதேன். நாகலாபுரம் ரோட்டு வெடி ஆபீஸ்ல வேலை பாக்கேன். உங்க கப்பல் எழுபது கதையை மத்தியானம் நான் வாசிக்க, செட்டுல எல்லாரும் கேப்பாவ. நல்லாருக்கு. ஆனா ஒண்ணு தப்பு. எரிபொருள் ரூம்பு வெடிக்கப்போவுதுன்னா முதல்ல புகை வரும்னு எழுதிருக்கீங்க. புகை கடைசியிலதான் வரும். முதல்ல கதவு சுடும். எங்க ஸ்டோர்ல போன மாசம் மழை ஒழுவி வெடிமருந்து மூட்டை நனைஞ்சிட்டு. இப்பம் கதவுல கை வைக்க முடியல.'

கார்டின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை ஒன்று, வெள்ளியாக மினுங்கியது.

சுகுணாதான், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். படம் போடுகிறவள் அல்லவா? வெடி ஆபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், வேலை பார்ப்பவள் கையில் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும் என்பதுவரை யோசித்து, எங்கிருந்தோ பொடி வாங்கி விரலை ஒற்றியிருக்கிறாள். பொறாமையாக இருந்தது. நான் ஏமாறவில்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும். கடிதத்தை அப்படியே போட்டு, கீழே பதில் அடித்தேன்:

'செல்வமாரி அவர்களே, நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாக் கதவும்தான் சுடும். கை வைத்துப் பார்த்ததெல்லாம் அறிவியல் ஆகாது. ஒன்பதாம் கோளில் டிகிரி இல்லாத கடிதத்துக்கு மதிப்பில்லை!'

ஸ்டென்சிலைப் படித்துவிட்டு சுகுணா என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'நல்லாத்தான் எழுதுத' என்று மட்டும் சொன்னாள். பதிலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கடிதத்தைச் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது.

பத்து நாளில் இரண்டாவது கார்டு. மறுபடியும் அந்த வெள்ளி விரல்.

'அக்கா, டிகிரி கேட்டீங்க. பாலிடெக்னிக்ல படிக்கிற எங்க அண்ணன்கிட்ட கண்ணாடி தெர்மாமீட்டர் வாங்கிட்டேன். எல்லாரும் சாப்பிடப் போன நேரம் ஸ்டோருக்குள்ள போயி அளந்தேன். வெளிய 33. உள்ள 39. மூட்டைக்குள்ள சொருவிப் பாத்தா 44. போர்மேன்கிட்டச் சொன்னேன். அவரு கேக்கல. உங்க கதையில ஆதிரை சொல்லியும் கேப்டன் கேக்கலியே, அதே மாதிரிதான். அடுத்து ஆதிரை என்ன செய்வா? அதைச் சீக்கிரம் போடுங்க.'

இந்தத் தடவை சுகுணா விடவில்லை. பெருமாள்சாமியை இறக்கினாள். 'ஒரு நாள் அளந்தா போதுமா தாயி? எத்தனை நிமிசம் வச்சிய? மூணு நிமிசமாவது வைக்காண்டாமா? பத்து நாளு விடாம அளந்து கணக்கு அனுப்பும். அதுவரைக்கும் உம்ம ஸ்டோரும் கதை, உம்ம போர்மேனும் கதை.'

எட்டயபுரத்திலிருந்து ஒரு வாசகர் பெருமாள்சாமிக்கு ஜே போட்டு எழுதினார். இன்னொருவர், 'செல்வமாரி ஆம்பளையாத்தான் இருக்கணும், பொம்பளைக்குத் தெர்மாமீட்டர் பிடிக்கத் தெரியுமா?' என்று கேட்டார். வெயிலுகந்தம்மாள் பெயரில் அவரை நான் கிழித்து எடுத்தேன். கடிதப் பக்கம் அன்றைக்கு மூன்று பக்கமானது. அப்படி ஒரு இதழ் நாங்கள் போட்டதே இல்லை. அந்த சந்தோஷத்தில் ஆதிரை அடுத்து என்ன செய்வாள் என்பதை நான் எழுதவே இல்லை. 'பொறுத்திருந்து பாருங்கள்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிட்டேன்.

மூன்றாவது கார்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் காலை பத்தரைக்குக் கொண்டுவந்து போட்டார். எழுத்து பொடிப்பொடியாக, விலாசம் எழுதுகிற பக்கம்வரை நெருக்கியிருந்தது.

'பெருமாள்சாமி அண்ணாச்சி கேட்ட கணக்கு. 44, 44, 45, 47, 47, 49, 52, 55, 58. ஒம்பது நாளு ஆச்சு. வியாழக்கிழமை பத்தாவது நாளு. மத்தியானம் மணி அடிச்சதும் உள்ள போயி, மூணு நிமிசம் வச்சு அளக்கேன். இப்பம் உள்ள போனா தலை சுத்துது. போர்மேன் கதைப் புத்தகம் படிச்சு எனக்கு மண்டை கொழம்பிட்டுன்னு சிரிக்காரு. தீபாவளிச் சரக்கு, தூக்கிப் போட முடியாதுன்னுட்டாரு. உங்க புத்தகத்துல வந்துட்டுன்னா அதைக் காட்டிச் சொல்லலாம்னு இருக்கேன். இந்தத் தடவையாவது கேலி இல்லாமப் போடுங்க அக்கா. செட்டுல பதினாறு பேரு இருக்கோம்.'

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கார்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்த சுகுணாவிடம் போனேன்.

"ஏட்டி, நான் தோத்துட்டேன். பொங்கல் வரைக்கும் காக்க முடியாது. செல்வமாரி மாதிரி ஒரு ஆளை என்னால செய்ய முடியாது. எடுத்துக்கோ, மெஷினை நானே சுத்துதேன்."

அவள் நிமிர்ந்தாள். "என்னட்டி சொல்லுத? செல்வமாரி நீதான?"

"வெளையாடாத."

"நீ வெளையாடாத. நான் பெருமாள்சாமியை விட்டு அடிச்சதே உன்னைத்தான். நீ ரொம்பப் பெரிய ஆளு மாதிரி டிகிரி கேட்டு ஒனக்கு நீயே பதில் எழுதிக்கிட்டன்னு நெனைச்சேன்."

"இந்த வெள்ளி விரல்?"

"நீ வச்சதில்லையா?"

பக்கத்து ரூமில் யாரோ புதுப் பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். சுகுணா கார்டை வாங்கி அந்த விரல் ரேகையின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அவளுடையதைவிடச் சின்னது. கையை எடுத்தபோது அவள் விரலிலும் மினுக்கம் ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு என்ன கெழமை?" என்றாள்.

சத்தியபாமா அக்காவிடம் கார்டைக் காட்டினோம். தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னோம். "என்னன்னு சொல்ல? எந்த ஆபீஸு, பேரு என்ன?" என்று கேட்டார். நாகலாபுரம் ரோட்டில் வெடி ஆபீஸ் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. "சரி, நான் சொல்லிப் பாக்கேன். நீங்க ஓடுங்கட்டி" என்றார். பதினொன்றேகால் பஸ் கிடைத்தது.

பஸ்ஸில் நான் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பத்து நாலிலிருந்து நாற்பத்தேழு வர நாலு நாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறாள். நாங்கள் கேட்டதற்காக.

"வேற ஊர்க்காரி யாராவது நம்மகிட்ட வெளையாடிருக்கலாம்லா?" என்றாள் சுகுணா.

"இருக்கலாம்."

"இருக்கணும்."

வெடி ஆபீஸ் எங்கே என்று கண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. இறக்கிவிட்டு, காட்டுக்கு நடுவில் தெரிந்த ஓட்டுக் கட்டடங்களைக் கை காட்டினார். கூப்பிடு தூரம்தான். ஆனால் முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, பத்து அடி போவதற்குள் ஒவ்வொரு காலும் அம்மிக்கல் ஆனது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினோம். ஓட விடவில்லை மண், பிடித்துப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் மணி அடிப்பது கேட்டது. சாப்பாட்டு மணி.

கேட்டில் ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். எல்லார் கையும் மணிக்கட்டுவரை வெள்ளி. நான் எண்ணினேன். பதினைந்து.

"செல்வமாரி எங்க?"

ஒருத்தி கையைக் காட்டினாள். தள்ளித் தனியாக இருந்த சின்னக் கட்டடத்தின் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் வேர்த்து, பொடி ஒட்டி, அதுவும் வெள்ளியாக இருந்தது. கையில் தெர்மாமீட்டர். எங்களைப் பார்த்தாள், எங்கள் மண் அப்பிய காலைப் பார்த்தாள், சுகுணா கையிலிருந்த கார்டைப் பார்த்தாள்.

"ஒன்பதாம் கோள் அக்காவா?" அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். "அறுபத்தி மூணுக்கா. மூணு நிமிசம் வச்சேன். பெருமாள்சாமி அண்ணாச்சி வரலியா?"

"நான்தான் பெருமாள்சாமி" என்றாள் சுகுணா.

போர்மேன் பாண்டியராஜன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். கோபக்காரர் மாதிரித் தெரியவில்லை. நல்ல மனிதராகவே இருந்தார், அதுதான் பயமாக இருந்தது.

"யாரும்மா நீங்க?"

"பத்திரிகையில இருந்து வாரோம் அண்ணாச்சி" என்றேன். "எல்லாரையும் உடனே வெளிய கூட்டிட்டுப் போங்க. அந்த ஸ்டோர் வெடிக்கப்போவுது. அறுபத்தி மூணு டிகிரி."

"ஓ, அந்த ராக்கெட்டுப் புத்தகமா?" சிரித்தார். "இவ வாசிப்பா, நானும் கேட்டிருக்கேன். கயத்தாறுக்காரரு ஒருத்தரு நல்லாக் கேப்பாரு. அவரு சொன்ன மாதிரி, ஒரு நாளு அளந்தா ஆச்சா? இவ என்னத்த அளந்தா? எப்படிப் பிடிச்சா?"

"அண்ணாச்சி, பத்து நாளா அளக்கேன்" என்றாள் செல்வமாரி. "நீங்க வாங்க, அங்கன நிக்காதீங்க."

"கொண்டா அதை. நானே பாக்கேன். என் கண்ணால பாத்தாத்தான் நான் மொதலாளிகிட்டச் சொல்ல முடியும்."

"போவாதீங்க!" சுகுணா அவர் சட்டையைப் பிடித்தாள். "நம்புதேன்னு சொல்லுங்க அண்ணாச்சி, அது போதும்! அந்தக் கயத்தாறுக்காரரு ஆளே கெடையாது. நான் எழுதுனது. சும்மா எழுதுனது!"

அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, மெதுவாக அவள் விரல்களை விலக்கிவிட்டார். செல்வமாரியிடமிருந்து தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு நடந்தார். கதவில் கை வைத்தவர் சட்டென்று கையை எடுத்தார். ஒரு நொடி நின்றார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். தோளிலிருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

நான் திரும்பிப் பெண்களைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடத் தேவையிருக்கவில்லை. தூக்குவாளிகளை அப்படியே போட்டுவிட்டு அவர்கள் ஏற்கெனவே எழுந்து நடந்துகொண்டிருந்தார்கள். கப்பல் எழுபது கதையை வரி விடாமல் கேட்டவர்கள் அவர்கள். அந்த ஆதிரையை நம்பினவர்கள் ஊரில் அவர்கள் மட்டும்தான்.

கண்மாய்க் கரை மேடாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் எல்லாரும் இறங்கிக் குந்தினோம். நடுநடுவே எழுந்து, "அண்ணாச்சி, வெளிய வாங்க" என்று கத்தினோம். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது.

செல்வமாரி கரையில் முதுகைச் சாய்த்து, வெள்ளிக் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குட்டி எண்ணுத?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"மூணு நிமிசம் வைக்கணும்லா. நூத்தி எம்பது. வந்துருவாரு." மறுபடியும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி ரெண்டு.

சுகுணா காதைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. டிகிரி கேட்டவள் நான்தானே. அவள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நூற்று முப்பத்தெட்டு வரை கேட்டது.