ஆவி பிடி

லிப்ட் மெக்கானிக் நல்ல திடகாத்திரமாக உயிரோடு இருக்கும்போதே, ஒரு சனிக்கிழமை காலையில், அவனுடைய ஆவி மொழிபெயர்ப்பாளர் வீட்டுச் சமையலறையில் கெட்டிலின் மூக்கு வழியாக வெளியே வந்தது. முதலில் தலைக்கவசம் வந்தது, பிறகு தோள், பிறகு கேடயம். கால்கள் வருவதற்குக் கொஞ்ச நேரமானது. அவள் காப்பிக்குத்தான் தண்ணீர் வைத்திருந்தாள். பதறவில்லை. ஊரில் அப்போது இது சகஜமாகியிருந்தது. வந்தவருக்கு நிற்க இடம் வேண்டுமே என்று தொட்டிப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டாள்.

இத்தனைக்கும் காரணம் அவள்தான். எங்கோ தூரதேசத்தில் செய்த வீடியோ கேம் ஒன்றைத் தமிழாக்கும் வேலை அவளிடம் வந்திருந்தது. மந்திரவாதிகளும் டிராகன்களும் திரியும் அந்த உலகத்தில் சாவுக்கென்று சட்டதிட்டம் உண்டு. செத்தவன் உடனே போய்விடமாட்டான்; உடம்பு விழுந்த இடத்தில் அவன் ஆவி சாம்பல் நிறத்தில் நிற்கும். ஆவியால் வாள் வீச முடியாது, கதவு திறக்க முடியாது, பொய் சொல்லவும் முடியாது. அங்கே சூரியன் மறைவதற்குள் கூட்டாளி ஒருவர் வந்து பொத்தானை அழுத்தினால் செத்தவன் எழுந்துவிடுவான். ஆனால் ஆவியாக நின்று பேசியது எதுவும் அவனுக்கு நினைவிருக்காது. யாரும் வராவிட்டால் ஆவி தன் பெயரை மறந்து காட்டில் அலையப் போய்விடும், ஆடியவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைக்க வேண்டிய வாரத்தில் அவளுக்குக் கடும் ஜலதோஷம். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் குனிந்திருந்தவள், ஒரு கையால் ‘ஆவி பிடி’ என்று தட்டி அனுப்பிவிட்டாள். கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டர் பாவம், சொன்னதைச் செய்தது.

விளையாட்டு தமிழில் வெளியான நாளிலிருந்து, உள்ளே செத்தவர்கள் கூட்டாளிகளின் வெந்நீரிலிருந்து வெளியே வரத் தொடங்கினார்கள். துண்டைப் போர்த்தி நன்றாக மூச்சை இழுத்தால் போதும், திரும்பிப் போய் எழுந்து நின்றார்கள். சலவைக்கடையில் நீராவி இஸ்திரிப்பெட்டியிலிருந்து இறங்கிய கிழட்டு மந்திரவாதி, சும்மா நிற்பானேன் என்று கால்சட்டைகளை மடித்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் ஒருநாள் ஒரு படையே வந்து வரிசையாக நின்றது. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஒருவருக்கும் மூக்கடைக்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் பொழுது போகாமல் நீச்சல் கற்றுக்கொண்டார்.

மெக்கானிக்கும் அவளும், விளையாட்டு தமிழாவதற்கு முன்பிருந்தே, மூன்று வருஷமாக ஒரே அணி. நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். அந்தக் குரலும் ‘பாத்து’, ‘இந்தப் பக்கம்’, ‘செத்துட்டேன்’ என்பதைத் தாண்டாது. அணியில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். சாவதில் மட்டும் சூரன், வாத்து கொத்தினாலும் சாவான். ஒவ்வொரு தடவையும் அவள்தான் ஓடிப்போய் எழுப்புவாள். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அவன் மனசில் என்ன இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. தமிழில் வந்த பிறகு ஆவிகள் வீடு தேடி வந்து வாய்விட்டுப் பேசுகின்றன என்று கேள்விப்பட்டதும், அவன் சாவதையே நிறுத்திவிட்டான். அந்தச் சனிக்கிழமைதான் விளையாட்டுக்குள் கால் வழுக்கி ஒரு கிணற்றில் விழுந்தான்.

“நான் வேணும்னுதாங்க சாகறேன்,” என்றது ஆவி, அவள் கேட்காமலே.

“என்னது?”

“செத்தாத்தானே நீங்க வருவீங்க. மூணு வருஷமா இதான் பண்றேன். இன்னைக்கு மட்டும்தான் நெசமாவே விழுந்துட்டேன்.”

“அப்போ அந்த வாத்து?”

“அது பாவம், கொத்தவே இல்ல. நானா படுத்துக்கிட்டேன்.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. துண்டைப் போர்த்தி இழுத்தால் சொன்னதெல்லாம் அவனுக்கு மறந்துபோகும், ஊமைக்கோட்டான் மறுபடியும் ஊமைக்கோட்டான்தான். இழுக்காமல் விட்டால் அவனுடைய மூன்று வருஷமும் பாழ். இரண்டுக்கும் மனசு வராமல், அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத ஆவி, தபால் ஆபீசுக்கு எதிர்க் கட்டடம், ஏழாவது மாடி, என்று ஒப்பித்தது.

கொதிக்கும் தண்ணீரை பிளாஸ்கில் ஊற்றி, மூடியைத் தளர்வாகத் திருகிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆவி ஜன்னலோரம் உட்கார்ந்தது. “வாளை மடியில வச்சுக்குங்க சார், ஆளுங்க ஏறணும்ல,” என்றார் கண்டக்டர். எதிர்க் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை. ஓடினால் மெக்கானிக்குக்கு அங்கே என்ன வேலை? அவள் படியேறினாள். தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. நாலாவது மாடியில் ஆவிக்குக் கேடயம் இல்லை, ஆறாவது மாடியில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் பிளாஸ்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

திறந்து கிடந்த லிப்ட் கதவுக்குப் பக்கத்தில், கையெல்லாம் கிரீஸாக, சாம்பல் பூத்த மொபைல் திரையைப் பார்த்தபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். தன் தலையும் தோளும் மிதந்து வருவதைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துபோனது.

“எல்லாத்தையும் சொல்லிட்டானா?”

“வாத்து வரைக்கும்.”

அவன் மொபைலைக் கீழே வைத்தான். பிறகு கை துடைக்கும் அழுக்குத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பிளாஸ்கின்மேல் குனிந்து, தன் ஆவியைத் தானே பிடித்தான். செத்தவன் தன்னைத்தானே பிடிக்கக்கூடாது என்றோ, பிடித்தால் பேசியது மறக்கும் என்றோ விளையாட்டின் சட்டத்தில் இல்லை; எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதனால் ஒன்றும் மறக்கவில்லை. ஆவி பேசிய பேச்சு அத்தனையும் அவன் நெஞ்சுக்குள் இறங்கி, வாய்க்கு வந்தது. துணியை எடுத்தபோது மூக்கு நுனி கறுப்பாக இருந்தது.

“இனிமே நான் சாகலைன்னாலும் வருவீங்களா?” என்று கேட்டான்.

“மொதல்ல லிப்டைச் சரி பண்ணுங்க,” என்றாள் அவள், சிரிப்பும் மூச்சிரைப்புமாக. “தினம் வரேன்.”

பொத்தானில் ஏதோ பிழை என்று புகார் வருகிறதே, திருத்தவா என்று கம்பெனி பிற்பாடு கேட்டது. பிழை எதுவுமில்லை என்று அவள் பதில் எழுதினாள். அகராதியும் அவள் பக்கம்தான் பேசியது. அடுத்த வருஷம் கல்யாணம். அக்காவுக்கு மட்டும் சின்னக் குறை. “உடல் பொருள் ஆவி மூணையும் தரேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. இவரு ஆவியை முன்னாடியே அனுப்பிட்டாரு, உடம்பு பின்னாலயே வந்துச்சு. பொருள் எங்கடி?”

“பொருள் சொல்றது என் தொழில்க்கா. அதை நான் பாத்துக்கறேன்.”

பந்திக்கு வெந்நீர் கொதித்த அண்டாக்களிலிருந்து அன்று நிறையப் பேர் இறங்கி வந்தார்கள். போட்டோ எடுப்பவர் கேடயம் வைத்திருந்தவர்களைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார், அவர்களும் போனார்கள்.